ஆறாத கோப்பு

டுலூத் நகரில், மூன்றாவது மாடியில்,
ஏரி பார்த்த சன்னலோரம் என் மேசை.
வக்கீல் ஆர்கட் வழக்காடுவார்,
நான் தொலைபேசி எடுப்பேன்.
பதினோரு வருடமாக என் வேலையில் பாதி
‘இன்னும் இல்லை’ என்று சொல்வது.

செவ்வாய்தோறும் ஒன்பதே காலுக்கு
மார்லிஸ் கெட்டுனென் அழைப்பாள்.
பள்ளிக்கூடச் சமையற்கட்டில் ரொட்டி சுட்டவள்.
ஒரு பிப்ரவரிக் காலையில்
சிவப்பு விளக்குக்கு அவள் நின்றாள்,
பின்னால் வந்த பெயின்ட் வண்டி நிற்கவில்லை.
வலது தோள்.
ஒரு நொடிதான்.
அந்த ஒரு நொடியை எழுதி முடிக்க
இருபத்தேழு மாதம்.

“என்னதான் செய்கிறீர்கள் அங்கே?”
குரலில் கோபம் இருக்காது.
இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தோள் ஆறட்டும் மார்லிஸ் என்றேன்.
ஆறாத புண்ணுக்கு விலை போட முடியாது.
இன்று கையெழுத்துப் போட்டால்
இன்றைய வலிக்குத்தான் காசு.
அடுத்த வருடம் கத்தி வைக்கச் சொன்னால்
அந்தச் செலவு உங்களுடையது.
இந்தக் கதவு ஒரே ஒருமுறைதான் மூடும்,
பிறகு தட்டினால் உள்ளே ஆள் இருக்காது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
“தோள் ஆறும். வாடகைக்கு ஆறத் தெரியாதே.”

ஆஸ்பத்திரிக்கு எழுதினேன்.
முப்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது
வேறொரு கெட்டுனென்னின் முழங்கால்.
திரும்ப எழுதினேன்.
எக்ஸ்ரே ஒரு உறையில்,
எக்ஸ்ரேயைப் படித்தவரின் பில் இன்னொரு உறையில்,
ஆம்புலன்ஸ் பக்கத்து மாவட்டத்துக் கம்பெனியாம்,
அவர்களுக்கு ஃபேக்ஸ் மட்டும்தான் புரியும்.

ஒமாஹாவில் இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர்
முந்நூறு பக்கமும் படித்து முடித்து
வேலையை விட்டுப் போனார்.
அடுத்து வந்தவர் முதல் பக்கத்தைத் திறந்தார்.
எப்போதோ ஒரு பனிக்காலத்தில்
மளிகைக்கடை வாசலில் வழுக்கி விழுந்தாளாமே,
அது எந்தத் தோள்?
இடது.
இடது என்பது இடதுதான் என்று நிரூபிக்க
நான்கு மாதம்.

இதற்கிடையில் கத்தி வைத்தார்கள்.
பயிற்சி தருகிற பையன் வாராவாரம்
கை எவ்வளவு உயர்கிறது என்று அளந்து எழுதினான்.
எழுபது பாகை.
தொண்ணூற்றைந்து.
நூற்றுப் பத்து.
நூற்றுப் பத்து.
நூற்றுப் பத்து.
கடைசியில் டாக்டர் ஒரு வரி எழுதினார்:
இனி இதற்குமேல் தேறாது.

அந்த வரிக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தோம்.
அது இல்லாமல் ஆர்கட் ஒரு தொகை கேட்க முடியாது.
கடிதத்தைப் பிரித்ததும்
அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் ஒமாஹா சொன்னது தொகையல்ல, இருமல்.
ஆர்கட் பதிலுக்கு இருமினார்.
பிறகு ஒரு நாள் முழுக்க
ஒரு அறையில் நாங்கள், எதிர் அறையில் அவர்கள்,
நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்
மடித்த சீட்டோடு நடந்துகொண்டே இருந்தார்.
காலையில் வாங்கிய காபி மேசையிலேயே ஆறியது.
மாலை ஆறே முக்காலுக்கு
“சரி, வீட்டுக்குப் போகலாம்” என்றாள் மார்லிஸ்.
சம்மதம் என்பதற்கு அவள் சொன்ன சொல் அது.

அப்படியும் ஐந்து வாரம் போனது.
காசோலை வருமுன்பே
அதில் பங்கு கேட்டு மூன்று கடிதம் வந்தன,
ஆஸ்பத்திரி எல்லோருக்கும் முன்னால்.

மே மாதம்.
கோடையென்று காலண்டர் சொன்னாலும்
கோட்டு கேட்கிற ஏரிக்காற்று.
கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று
இருபது நிமிடம் தாமதமாக வந்தாள்,
அதற்கு மன்னிப்பும் கேட்டாள்,
என்னிடம்.

உள்ளே வந்து கோட்டைக் கழற்றி
சுவரில் இருந்த ஆணியை அண்ணாந்து பார்த்தாள்.
வலது கை பாதி வழி போய் நின்றது.
கோட்டை இடது கைக்கு மாற்றி மாட்டினாள்,
வழக்கம்போல.

வழக்கம்போல.
இருபத்தேழு மாதத்தில் எத்தனை முறை வந்திருப்பாள்.
அவள் தோளின் பாகைக் கணக்கு முழுதும்
என் மேசைமேல்தான் இருந்தது.

அவள் போன பிறகு
அந்த ஆணியைப் பிடுங்கி
ஒரு முழம் கீழே அடித்தேன்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.